வளைகுடாப் பகுதியின் சொல்லிசை: தற்சார்பு வெளியீடும் பாட வரலாறும்

1. தோற்றுவாய்

அச்சேறிய நூலையே இலக்கிய வரலாற்றின் தலையாய சான்றாகக் கொள்ளும் வழக்கம் நம்மிடையே வேரூன்றி நிற்கின்றது. வாய்மொழியாகப் பிறந்து, ஒலிநாடாவிற் பதிந்து, கைக்குக் கை மாறிப் பரவிய பாட்டுகளை எம்முறையால் ஆராய்வது என்னும் வினாவை எழுப்பினோர் மிகச் சிலரே. அமெரிக்க ஐக்கிய நாட்டிற் கடந்த ஐம்பது ஆண்டுகளில் வளர்ந்துள்ள சொல்லிசை அவ்வினாவைப் புறக்கணிக்க இயலாதவாறு நம்முன் நிறுத்துகின்றது.

சொல்லிசை என்பது தாளத்தின்மேல் இயைபுத் தொடைபட விரைந்து மொழியும் பாட்டுமுறை. நியூயார்க்கு நகரின் பிராங்சு வட்டாரத்தில் 1973-ஆம் ஆண்டளவில் தோன்றிய ஹிப் ஹாப் என்னும் கலைத்தொகுதியின் ஓர் உறுப்பு அது. சுகர்ஹில் குழுவினரின் இசைத்தட்டு 1979-இல் வெளிவந்தபின் நாடெங்கும் பரவியது. அதன் வரலாற்றை எழுதியோர் நியூயார்க்கையும் லாசு ஏஞ்சல்சையும் நடுவாகக் கொண்டே பெரும்பாலும் எழுதினர். அவ்விரு நகரங்களிலும் பெருநிறுவனங்கள் இருந்தன. அவற்றின் பட்டியல்களும் ஏடுகளும் வரலாற்றாசிரியர்க்கு எளிதிற் கிடைத்தன. பெருநிறுவனம் இல்லாத இடங்களில் வளர்ந்த சொல்லிசை அக்காரணத்தாலேயே வரலாற்றின் ஓரத்திற் கிடந்தது.

அங்ஙனம் ஓரத்திற் கிடந்தவற்றுள் கலிபோர்னியாவின் வடபால், சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவைச் சூழ்ந்த ஊர்களின் சொல்லிசை தனியாக ஆராயத்தக்கது. ஓக்லாந்தைச் சார்ந்த டூ ஷார்ட், வலேஹோவைச் சார்ந்த ஈ-40 ஆகிய இருவர்தம் பாடல் தொகுதிகளை அடிப்படையாகக் கொண்டு அதன் வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கின்றது. பாட்டை ஆக்கியவனே அதனை வெளியிட்டு விற்கும் முறை எங்ஙனம் தோன்றிற்று? அம்முறை பாட்டின் மொழியை எவ்வாறு மாற்றிற்று? அப்பாட்டுகளின் உண்மைப் பாடம் யாது? இவை மூன்றும் ஈண்டு எழும் வினாக்கள்.

2. நிலமும் மக்களும்

இரண்டாம் உலகப் போரின்போது வளைகுடாக் கரையின் கப்பல் கட்டுந் துறைகள் பெரிதும் விரிந்தன. ரிச்மண்டில் கெய்சர் நிறுவனத்தின் துறைகளும், வலேஹோவில் 1854-இல் நிறுவப்பட்ட மேர் தீவுக் கடற்படைத் துறையும் ஆயிரக்கணக்கானோர்க்கு வேலை அளித்தன. லூசியானா, டெக்சசு முதலிய தென்மாநிலங்களிலிருந்து கருப்பின மக்கள் பெருந்திரளாக வந்து குடியேறினர். ஓக்லாந்தில் 1940-இல் எண்ணாயிரத்தைச் சற்றே கடந்திருந்த அவர்தம் தொகை 1950-இல் நாற்பத்தேழாயிரத்தைக் கடந்தது. வந்தவர் தம் பேச்சு வழக்கையும் திருச்சபைப் பாட்டையும் புளூசு இசையையும் உடன் கொண்டு வந்தனர்.

போர் முடிந்தபின் வேலைகள் குறைந்தன. வீட்டுரிமையிலும் பணியமர்த்தலிலும் இனவேற்றுமை நீடித்தது. 1966-இல் கருஞ்சிறுத்தைக் கட்சி ஓக்லாந்தில் தோன்றியமைக்கு இச்சூழலே காரணம். அதே காலத்தில் இசையும் தழைத்தது. ஸ்லை ஸ்டோன் வலேஹோவில் வளர்ந்தவர். டவர் ஆப் பவர் குழுவினர் 1968-இல் ஓக்லாந்தில் ஒன்றுகூடினர். இவர்கள் வளர்த்த ஃபங்க் இசையின் ஆழ்ந்த அடிநாதமே பின்வந்த சொல்லிசைக்குப் படுகையாயிற்று. 1980-களிற் கிராக் என்னும் போதைப்பொருள் இவ்வூர்களிற் பரவியது. மேர் தீவுத் துறை 1996-இல் மூடப்பட்டது. ஆகவே நாம் ஆராயும் பாட்டுகள், முன்னோரை ஈர்த்த தொழில் தேய்ந்து மறைந்த ஊர்களில் அவர்தம் மக்களும் பேரரும் பாடியவை. இதனை மறந்து அவற்றைப் படிப்போர் அவற்றின் செருக்கை மட்டுமே காண்பர். செருக்கின் அடியில் உள்ள இழப்பைக் காணார்.

3. தெருவிற் பிறந்த நாடாக்கள்

டூ ஷார்ட் என்பது டாட் ஆந்தனி ஷா என்பார் பூண்ட புனைபெயர். அவர் 1966-இல் லாசு ஏஞ்சல்சிற் பிறந்து, இளமையிலேயே ஓக்லாந்துக்கு வந்தார். ஃபிரிமாண்ட் உயர்நிலைப் பள்ளியிற் பயின்ற நாளில், ஃபிரெடி பி என்னும் தோழருடன் சேர்ந்து வீட்டிலேயே சொல்லிசை பதிந்து, ஒலிநாடாக்களாகத் தெருக்களிலும் பேருந்துகளிலும் விற்கத் தொடங்கினார்.

அந்நாடாக்களுள் ஒருவகை நம் ஆராய்ச்சிக்குப் பெரிதும் துணையாவது. வாங்க விரும்புவோன் தன் பெயரையும் நண்பர் பெயரையும் தன் ஊர்தி முதலியவற்றையும் சொல்வான். அவற்றை வைத்து அவனுக்கெனவே ஒரு பாட்டு ஆக்கப்படும். ‘தனி வேண்டுகோள்’ என்று வழங்கிய இந்நாடாக்களை வாங்கியோருட் பலர் தெருவிற் போதைப்பொருள் விற்றுப் பொருளீட்டியோர். அவர்தம் ஒழுக்கம் எத்தகையதாயினும், இலக்கியவியல் நோக்கில் அவர்கள் பாட்டுடைத் தலைவர்களே ஆவர். பாடுவோன் பெயரைப் பாட்டில் நிலைநிறுத்துகின்றான். பாடப்பெறுவோன் பொருள் தருகின்றான். கேட்போர் இருவரையும் அறிந்த அண்டை அயலார். பொருள் வழங்கிப் புகழ் கொள்ளும் இவ்வுறவு மிகப் பழைய ஒன்று. நிறுவனமும் விளம்பரமும் இன்றி, அது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் ஒரு துறைமுக நகரின் தெருவில் மீண்டும் முளைத்தமை வியப்புக்குரியது.

பின்னர் ‘75 கேர்ள்சு’ என்னும் சிறு நிறுவனத்தின் வாயிலாக டூ ஷார்ட் தம் முதற் பாடல் தொகுதிகளை வெளியிட்டார். அதன்பின் ஃபிரெடி பி துணையோடு ‘டேஞ்சரசு மியூசிக்’ என்னும் பெயரில் தாமே வெளியீட்டாளர் ஆனார். 1987-இல் வந்த ‘பார்ன் டு மேக்’ ஊர்தியின் பின்பெட்டியிலிருந்தும் சிறு கடைகளிலிருந்துமே விற்கப்பட்டது. ஏறத்தாழ 50,000 படிகள் அவ்வாறு விற்றன என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. இவ்விற்பனையைக் கண்ட ஜைவ் நிறுவனம் அவரோடு உடன்படிக்கை செய்துகொண்டு அதனை மறுவெளியீடு செய்தது. அடுத்து வந்த ‘லைஃப் இஸ் டூ ஷார்ட்’ பத்து லட்சம் படிகளுக்கு மேல் விற்றது.

அதே ஓக்லாந்தில் எம். சி. ஹேமர் மேற்கொண்டதும் இவ்வழியே. அவர் ஓக்லாந்து அத்லெடிக்சு அணியின் பேசுபால் ஆட்டக்காரர் இருவரிடம் ஆளுக்கு 20,000 டாலர் கடன் பெற்றுத் தம் சொந்த நிறுவனத்தைத் தொடங்கினார். ஊர்தியில் வைத்தே தட்டுகளை விற்றார். 1988-இல் கேப்பிடல் நிறுவனத்தைச் சேர்ந்தார். அவர்தம் 1990-ஆம் ஆண்டுத் தொகுதி ஒரு கோடிப் படிகள் விற்றது. எனினும் அத்தொகுதி நாடு முழுமைக்கும் பொதுவான நடனப்பாட்டாக அமைந்தது. டூ ஷார்ட்டோ நிறுவனத்தைச் சேர்ந்த பின்னும் ஓக்லாந்தின் தெருப்பெயர்களையும் நிறுத்தி நிறுத்திப் பேசும் நடையையும் விடவில்லை. இருவரும் ஒரே வாயிலிற் புறப்பட்டு வேறு திசைகளிற் சென்றனர் எனலாம்.

4. வலேஹோவின் குடும்ப நிறுவனம்

ஈ-40 என்பார் ஏர்ல் ஸ்டீவன்சு. 1967-இல் வலேஹோவிற் பிறந்தவர். லூசியானாவின் கிராம்ப்ளிங் பல்கலைக்கழகத்திற் சிறிது காலம் பயின்று திரும்பியவர். தம்பி டி-ஷாட், தங்கை சுகா-டி, உறவினர் பி-லெஜிட் ஆகியோருடன் ‘தி கிளிக்’ என்னும் குழுவை அமைத்தார். அவர்கள் தொடங்கிய ‘சிக் விட் இட்’ நிறுவனம் ஒரு குடும்பத் தொழில். பாடுவோர், பொருள் முடக்குவோர், பெட்டிகளைக் கடைகளுக்குக் கொண்டு செல்வோர் அனைவரும் உறவினரும் நண்பருமாகவே இருந்தனர்.

டூ ஷார்ட்டின் முறைக்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. டூ ஷார்ட் தொடங்கிய நாளில் தெருவே கடை. ஈ-40 தொடங்கிய நாளில் வளைகுடாப் பகுதியில் ஒரு வாணிக வலை அமைந்திருந்தது. சான் ரஃபேலின் சிட்டி ஹால் ரெகார்ட்சு போன்ற மொத்த விற்பனையாளர்கள் சிறு வெளியீட்டாளரின் நாடாக்களை வாங்கிப் பல ஊர்க் கடைகளுக்கு அனுப்பினர். இதனால் பெருநிறுவனத்தின் துணையின்றியே ஒரு பாடல் தொகுதி மாநில எல்லையையும் கடந்து செல்ல முடிந்தது. 1992-இல் தி கிளிக் குழுவின் ‘டவுன் அண்டு டர்ட்டி’யும், 1993-இல் ஈ-40 தனித்துப் பாடிய ‘ஃபெடரல்’ தொகுதியும் இவ்வாறே பரவின.

இம்முறையின் பொருளியல் எளிது. பெருநிறுவனத்தில் பாடுவோன் முன்பணம் பெறுகின்றான். பதிவுச் செலவும் பிற செலவும் அவன் பங்கிலிருந்து கழிக்கப்படுகின்றன. மூலப்பதிவின் உரிமை நிறுவனத்துடையது. தற்சார்பு முறையில் முதலீடும் இழப்பும் அவனுடையவை. ஆயின் விற்ற ஒவ்வொரு படியிலும் பெரும்பங்கு அவனைச் சாரும். மூலப்பதிவும் அவன் கையில் இருக்கும். ஐந்து லட்சம் விற்ற நிறுவனப் பாடகன் கடனாளியாகவும், ஐம்பதாயிரம் விற்ற தற்சார்புப் பாடகன் செல்வனாகவும் இருத்தல் கூடும். 1994-இல் ஈ-40 ஜைவ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தபோது வெறும் பாடகராக அன்றி ஒரு நிறுவனத்தின் உரிமையாளராகச் சென்றார். 1995-இல் வந்த ‘இன் எ மேஜர் வே’ தொகுதியிற் சிக் விட் இட் பெயரும் ஜைவ் பெயரும் ஒருங்கே நின்றன.

இவ்வழியைக் கற்றுப் பிற மாநிலத்துக்குக் கொண்டு சென்றவரும் உளர். நியூ ஆர்லியன்சில் பிறந்த மாஸ்டர் பி, 1990-ஐ ஒட்டி ரிச்மண்டில் ‘நோ லிமிட்’ என்னும் இசைக்கடை ஒன்றை வைத்திருந்தார். கடைக்கு வருவோர் எதனை விரும்பி வாங்கினர், சிறு வெளியீடுகள் எங்ஙனம் பரவின என்பவற்றை அங்கிருந்தே கண்டார். பின்னர்ப் பிரையாரிட்டி நிறுவனத்தோடு செய்துகொண்ட ஏற்பாட்டில் மூலப்பதிவின் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, தென்மாநிலச் சொல்லிசையை நாடறியச் செய்தார். முன்னோர் லூசியானாவிலிருந்து வளைகுடாவுக்குக் கொண்டு வந்தது இசை. அங்கிருந்து லூசியானாவுக்குத் திரும்பிச் சென்றது அதனை விற்கும் அறிவு.

5. யாப்பும் சொல்லும்

வெளியீட்டு முறைக்கும் பாட்டின் மொழிக்கும் தொடர்பு உண்டு என்பது இப்பகுதியின் கருத்து. நாடெங்கும் விற்க வேண்டிய பாட்டு எவர்க்கும் விளங்கும் சொல்லைத் தேடும். முதற்கண் அண்டை வீட்டாருக்கு விற்கும் பாட்டோ அவர்க்கு மட்டுமே உரிய சொல்லை அஞ்சாது ஆளும்.

டூ ஷார்ட்டின் நடை தெளிவும் மந்தமும் உடையது. அடிதோறும் இறுதிச் சொல் தாளத்தின்மேல் அமைதியாக வந்து விழும். சீர்களுக்கிடையே வெற்றிடம் மிகுதி. அவ்வெற்றிடத்தை நிரப்புவது ஆழ்ந்த அடிநாதம். 1980-இல் ரோலண்டு நிறுவனம் வெளியிட்ட டி.ஆர்.-808 என்னும் தாளப்பொறியின் முழக்கமும், பின்னர் வந்த கித்தார் அடிநாதமும் ஊர்தியின் ஒலிபெருக்கியிற் கேட்பதற்கென்றே அமைந்தவை. கேட்போன் ஊர்தியில் மெல்லச் செல்பவன். பாட்டின் ஓட்டமும் அதற்கேற்ப மெல்லச் செல்வது. ‘ஷார்ட்டி தி பிம்ப்’ தொடங்கிப் பல தொகுதிகளில் ஆண்ட் பேங்க்சு அமைத்த இசை இதற்குச் சான்று.

ஈ-40 இதற்கு நேர் மாறானவர். சில அடிகளில் அசைகளை நெருக்கித் தாளத்தை முந்துவார். சிலவற்றில் ஒரே உயிரை நீட்டித் தாளத்துக்குப் பின் தங்குவார். ஓரடிக்குள்ளேயே குரல் மேலேறிக் கீழிறங்கும். இயைபு அடியிறுதியில் மட்டும் நில்லாது அடியின் நடுவிலும் பன்முறை வரும். எழுத்தில் வைத்துப் பார்ப்போர்க்கு யாப்புப் பிழை போலத் தோன்றுவது, செவியிற் கேட்போர்க்கு அளபெடையின் இன்பம் தருவது. ஆதலின் இவ்வகைப் பாட்டை எழுத்துப்படி கொண்டு மட்டும் ஆராய்தல் குறையுடையது.

சொல்லாக்கத்தில் ஈ-40-இன் பங்கு பெரிது. பழஞ்சொல்லின் ஈற்றைச் சிதைத்துப் புது ஈறு சேர்த்தல், பொருட்பெயரைப் பணத்துக்கும் ஊர்திக்கும் குறியீடாக்கல், அயலாரும் காவலரும் உணராதவாறு மறைபொருள் வைத்தல் ஆகிய மூவகையாலும் அவர் சொற்களைப் படைத்தும் பரப்பியும் வந்தார். தெருவில் வழங்கியவற்றுள் எவை முன்னமே இருந்தன, எவை அவர் படைத்தன எனப் பிரித்தல் எளிதன்று. வழக்கைச் செய்யுளும், செய்யுளை வழக்கும் வளர்க்கும் நிலை அது. கீக் டா ஸ்னீக் என்பார் வழங்கிய ‘ஹைஃபி’ என்னும் சொல், மிகுந்த கிளர்ச்சியைக் குறித்துத் தொடங்கி, 2000-களில் வளைகுடாவின் இசையியக்கம் ஒன்றுக்கே பெயராயிற்று. அவ்வியக்கத்தை நாடறியச் செய்தது ஈ-40-இன் ‘மை கெட்டோ ரிப்போர்ட் கார்டு’. 2006-இல் வெளிவந்த அத்தொகுதி நாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடத்திலேயே நுழைந்தது. வட்டாரச் சொல்லைக் கைவிடாமலே பரந்த செவியை எட்ட முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

6. எது மூலபாடம்?

இனிப் பாட ஆராய்ச்சிக்கு வருவோம். டூ ஷார்ட்டின் முதல் தொகுதி ‘டோன்ட் ஸ்டாப் ராப்பின்’. அது 1983-இல் வந்தது என்று சில பட்டியல்களும், 1985-இல் வந்தது என்று வேறு சிலவும் குறிக்கின்றன. ‘லைஃப் இஸ் டூ ஷார்ட்’ தொகுதிக்கு 1988, 1989 என்னும் ஈராண்டுகளும் வழங்குகின்றன. ‘பார்ன் டு மேக்’ 1987-இல் ஓக்லாந்திற் பிறந்து, ஜைவ் நிறுவனத்தின் மறுவெளியீட்டால் இரண்டாம் முறை பிறந்தது. நிறுவனப் பட்டியலை மட்டும் நம்புவோன் இரண்டாம் பிறப்பையே முதற் பிறப்பாகக் கொள்வான். ஒரு பாட்டு தன் ஊரில் ஈட்டிய வெற்றி அவன் கணக்கில் வாராது.

ஆண்டு மட்டும் மாறுவதில்லை, பாடமும் மாறுகின்றது. ‘டவுன் அண்டு டர்ட்டி’, ‘ஃபெடரல்’ ஆகிய இரண்டையும் ஜைவ் வாயிலாக 1995-இல் மீண்டும் வெளியிட்டபோது பாடல் வரிசை பழையதனோடு முற்றும் ஒத்து அமையவில்லை. இன்று எளிதிற் கிடைப்பது பின்னைய வடிவமே. முன்னைய நாடா அரும்பொருள் திரட்டுவோர் கையிற் சிக்கியுள்ளது. இதனிலும் நொய்ம்மையானவை ‘தனி வேண்டுகோள்’ நாடாக்கள். ஒருவர்க்கென ஒரே படியாகச் செய்யப்பட்ட அவற்றுக்குப் பட்டியலே கிடையாது. காந்தப் பூச்சு உதிர்ந்தால் அவை மறைந்தன. மறைந்தால் மீட்க வழியில்லை. ஒரு கலையின் தொடக்கநிலையைக் காட்டும் முதன்மைச் சான்று அவையே என்பதை நோக்க, இவ்விழப்பு சிறிதன்று.

நிறுவனம் கைவிட்டபின் பாடுவோரே பாதுகாவலரான நிலையும் உண்டு. ஓக்லாந்தின் ஹைரோகிளிஃபிக்சு குழுவினருள் ‘சோல்சு ஆப் மிஸ்சிஃப்’ என்போர் 1993-இல் ஜைவ் வாயிலாகப் புகழ்பெற்ற தொகுதியொன்றை அளித்தனர். நிறுவன உறவு முறிந்தபின் குழுவினர் தமக்கெனச் சொந்த நிறுவனம் அமைத்து, 1998-இல் ‘தேர்டு ஐ விஷன்’ தொகுதியைத் தாமே வெளியிட்டனர். ஈ-40-உம் பின்னாளில் தற்சார்பு முறைக்கே மீண்டார். 2010-இல் இரண்டு தொகுதிகளையும் 2012-இல் மூன்று தொகுதிகளையும் ஒருங்கே வெளியிட்டார். எந்த நிறுவனமும் இசையாத மிகுதி இது. தானே உரிமையாளனாக இருப்பவனுக்கே அது கைகூடும். அம்மிகுதியாற் சில பாட்டுகள் மெலிந்தன என்பதும் மறுத்தற்கியலாதது; தேர்ந்து விலக்கும் பதிப்பாசிரியன் இல்லாமை தற்சார்பு முறையின் குறை.

7. கூற்றும் குற்றமும்

இப்பாட்டுகளை ஆராயப் புகுவோன் ஓர் இடர்ப்பாட்டை மறைக்கலாகாது. டூ ஷார்ட்டின் தொகுதிகளிற் பெரும்பாலானவை பரத்தையரைக் கொண்டு பொருளீட்டும் தரகனின் கூற்றாக அமைந்தவை, பெண்களை இழித்துரைப்பவை. அத்தரகன் ஓக்லாந்தில் அவருக்கு முன்பே ஒரு கலைப்பாத்திரம். 1973-இல் வெளிவந்த ‘தி மேக்’ என்னும் திரைப்படம் அந்நகரிலேயே படமாக்கப்பட்டு அப்பாத்திரத்துக்கு ஒளியூட்டியது. பாடுவோன் வேறு, பாட்டிற் பேசுவோன் வேறு என்னும் நெறி இலக்கியம் கற்றோர்க்குப் புதிதன்று. எனினும் அந்நெறியை ஈண்டு இரு திறமாகப் பயன்படுத்தல் வேண்டும்.

முதலாவது, வழக்குமன்றம். வலேஹோவின் மேக் டிரே 1992-இல் வங்கிக் கொள்ளைச் சதி வழக்கிற் கைதானார். ஃபிரெசுனோ சிறையிலிருந்து தொலைபேசி வழியே பாடித் ‘பேக் என் டா ஹூட்’ என்னும் தொகுதியை ஆக்கினார். தொலைபேசியின் மெலிந்த குரலே அத்தொகுதியின் ஓசை. 1996-இல் விடுதலை பெற்றபின் தம் நிறுவனத்தின் வாயிலாகப் பல தொகுதிகளை வெளியிட்டு, 2004 நவம்பர் 1-ஆம் நாள் கான்சசு நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் போன்றார் காவலரை எள்ளிப் பாடிய பாட்டுகளைக் கேட்டார்க்கு, பாட்டின் சொல் பாடினோன் செயலுக்குச் சான்றாகுமா என்னும் வினா எழும். அமெரிக்க வழக்குமன்றங்கள் பலவற்றிற் சொல்லிசை அடிகள் குற்றச் சான்றாகக் காட்டப்பட்டுள்ளன. கலிபோர்னியாவில் 2022-இல் இயற்றப்பட்ட சட்டம், படைப்பு வெளிப்பாட்டைச் சான்றாக ஏற்குமுன் அதன் சான்றாற்றலும், அது விளைக்கக்கூடிய ஒருதலைச் சார்பும் எடைபோடப்பட வேண்டும் எனப் பணிக்கின்றது. கவிக்கூற்றையும் பாத்திரக் கூற்றையும் பிரித்தறியும் கல்வி ஒருவன் சிறைவாழ்வையே முடிவுசெய்யும் இடம் இது.

இரண்டாவது, திறனாய்வு. பாத்திரக் கூற்று என்று சொல்லி, இழிமொழிக்குப் பாடினோன் பொறுப்பல்லன் என்று கொள்ளலாகாது. ஒரு பாத்திரத்தைப் பல தொகுதிகளிலும் பல ஆண்டுகளாகத் தெரிந்து பாடியவன் அத்தெரிவுக்குப் பொறுப்புடையவன். சட்டம் செயலைக் கேட்கின்றது. திறனாய்வு தெரிவைக் கேட்கின்றது. 1990-இல் டூ ஷார்ட் பாடிய ‘தி கெட்டோ’, டானி ஹாத்தவேயின் முந்திய பாட்டொன்றை அடியொற்றி வறுமையையும் வன்முறையையும் துயரோடு காட்டுகின்றது. அப்பாட்டை ஆக்க வல்லவர் பிறிதொன்றையே மிகுதியும் பாடினார் என்பதுதான் அவர்மேல் வைக்கத்தக்க குற்றச்சாட்டு. தி கிளிக் குழுவில் சுகா-டியின் குரல் ஆண்கூற்றுக்கு எதிர்மொழியாக ஒலிப்பதும், அவர் தனியே பாடல் தொகுதிகள் வெளியிட்டதும் இவ்வரலாற்றில் உரிய இடம் பெறாமல் விடப்பட்டவை; ஆராய்வோர் இனி நிரப்ப வேண்டியவை.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன மூன்று. வளைகுடாச் சொல்லிசையின் தற்சார்பு முறை, பெருநிறுவனம் புறக்கணித்தமையால் நேர்ந்த இடுக்கணிலிருந்து தோன்றி, உரிமையைக் காக்கும் நெறியாக முதிர்ந்தது. அம்முறையே வட்டாரச் சொல்லுக்கும் நடைக்கும் அரணாக நின்றது. அதே முறை, முறையான பதிவின்மையால் மூலபாடத்தை அழியவும் விட்டது.

ஓக்லாந்து நகரம் 2022 டிசம்பரில் டூ ஷார்ட் பயின்ற பள்ளிக்கு அருகே ஃபுட்ஹில் பெருஞ்சாலையின் ஒரு பகுதிக்கு அவர் பெயரைச் சூட்டியது. வலேஹோ 2023 அக்டோபரில் மேகசின் தெருவின் ஒரு பகுதிக்கு ஈ-40 பெயரை அளித்தது. தெருவில் நாடா விற்றோர் பெயரைத் தெருவே தாங்குவது பெருமைக்குரியது. ஆயினும் பெயர்ப்பலகை பாடத்தைக் காவாது. ஆர்வர்டு பல்கலைக்கழகம் 2002-இலும் கார்னெல் பல்கலைக்கழகம் 2007-இலும் ஹிப் ஹாப் ஆவணத் தொகுப்புகளை நிறுவின. அத்தகைய தொகுப்புகளில் நிறுவனத் தட்டுகளோடு, வீட்டிற் பதிந்த நாடாக்களும் உறையில் எழுதிய கைக்குறிப்புகளும் கடைப் பற்றுச்சீட்டுகளும் இடம்பெறல் வேண்டும்.

தமிழாராய்ச்சியாளர்க்கு இது அயல்நாட்டுச் செய்தி மட்டும் அன்று. மலேசியாவின் யோகி பி, நட்சத்திரா குழுவினர் 2006-இல் ‘வல்லவன்’ தொகுதியை வெளியிட்டபின் தமிழிலும் சொல்லிசை தனித்துறையாக வளர்ந்துள்ளது. அத்துறையின் தொடக்கப் பதிவுகளும் சிறு வெளியீடுகளே. பாடினோரும் கேட்டோரும் நம்மிடையே வாழும் காலத்திலேயே அவற்றின் பாடங்களை ஒப்புநோக்கி, ஆண்டு குறித்து, வட்டாரச் சொற்களுக்குப் பொருள் கேட்டுப் பதிதல் எளிது. ஒரு தலைமுறை கழிந்தபின் அது ஊகமாகவே முடியும்.